பூத்தும் காய்க்காத செடி

பனி கொட்டும் ஒரு மலைக் காட்டில் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. மார்கழி வந்துவிட்டால் அந்தக் காட்டில் புல், பாறை, வானம் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். அதைப் பார்த்தாலே முள்ளம்பன்றிக்கு நெஞ்சு கனக்கும். அதனால் ஓடைக்கரையில் நின்ற சில செடிகளைப் பெயர்த்து வந்து, தன் வளையின் வாசலில் வரிசையாக நட்டது. அவை குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் தரும் செடிகள்.

செடிகள் வளர்ந்தன. அடுத்த மார்கழியில் வாசல் முழுக்கச் சிவப்பு! முள்ளம்பன்றி ஒரு பழத்தைக்கூடத் தின்னாமல் பார்த்துப் பார்த்துப் பூரித்தது.

ஆனால் வரிசையின் கடைசியில் நின்ற செடியில் மட்டும் ஒரு பழமும் இல்லை. இத்தனைக்கும் சித்திரையில் அதிகமாகப் பூத்தது அதுதான்.

"பூத்தது காய்க்காமல் போகுமா? எவனோ பறிக்கிறான்!" என்று முள்ளம்பன்றி கறுவியது.

முள்ளம்பன்றி பகலில் தூங்கும். ஆகவே பகலில் விழித்திருக்கும் எல்லோர்மேலும் அதற்குச் சந்தேகம். முயல் இருமினால் சந்தேகம், அணில் ஓடினால் சந்தேகம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்தானே?

ஒரு நாள் அது தூங்காமல் புதருக்குள் பதுங்கிக் காவல் இருந்தது. வெயில் ஏறியதும் கொண்டைக்குருவி ஒன்று பறந்து வந்து, அந்தக் கடைசிச் செடியிலேயே உட்கார்ந்தது.

"அகப்பட்டாயா, திருட்டுக் குருவியே! பழமெல்லாம் எங்கே?"

"எந்தப் பழம், அண்ணா? இந்தச் செடி காய்க்கவே காய்க்காதே!"

"பொய்! உன் வாலடியில் சிவப்பாக ஒட்டியிருக்கிறதே, அது பழச்சாறுதானே?"

குருவி திரும்பித் தன் வாலைப் பார்த்துச் சிரித்துவிட்டது. "இது பிறந்ததிலிருந்து இருக்கிற சிவப்பு, அண்ணா. என் அம்மாவுக்கும் இப்படித்தான்."

"ஓகோ! குடும்பமே திருட்டுக் குடும்பமா?"

குருவியின் சிரிப்பு நின்றுபோயிற்று. "அண்ணா, இது ஆண் செடி. இதன் பூவிலிருந்து தேனீ மகரந்தத்தை எடுத்துப் போய் மற்றச் செடிகளின் பூக்களில் சேர்த்தால்தான் அவை காய்க்கும்."

"இதற்காக இவ்வளவு பரிந்து பேசுகிறாயே, உனக்கும் இதற்கும் என்ன கூட்டு?"

"பழம் இல்லாத செடியை யாரும் உலுக்க மாட்டார்கள். பனி விட்டதும் இதில் கூடு கட்டலாம் என்று இடம் பார்க்க வந்தேன்."

"கூடு கட்டிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே தின்னலாம் என்று பார்த்தாயா? செடி இருந்தால்தானே கூடு!"

முள்ளம்பன்றி பாய்ந்து வந்து அடித்தண்டைக் கறகறவென்று கடித்தது. வேரையும் தோண்டி எறிந்தது. செடி சாய்ந்தது.

"ஐயோ அண்ணா, அவசரப்பட்டுவிட்டீர்களே!" என்று கத்திவிட்டுக் குருவி பறந்து போனது.

சித்திரையில் மற்றச் செடிகள் பூத்தன. தேனீக்கள் வந்தன, போயின. பூக்கள் வாடி உதிர்ந்தன. மார்கழி பிறந்தது. எந்தச் செடியிலும் ஒரு பழம்கூட இல்லை.

முள்ளம்பன்றி பகல் முழுதும் கண் எரிய எரியக் காவல் இருந்தது. திருடன் போட்ட கொட்டை கிடக்கிறதா என்று செடிக்குச் செடி முகர்ந்து தேடியது. கொட்டையும் இல்லை, கால்தடமும் இல்லை.

ஒரு காலைப் பனியில் கொண்டைக்குருவி அந்தப் பக்கமாக வந்தது. முள்ளம்பன்றி தேடுவதை விட்டுவிட்டு அதனிடம் ஓடியது. "தங்கச்சி, என் பழத்தையெல்லாம் யார் தின்றது?"

"யாரும் தின்னவில்லை, அண்ணா. போன மார்கழியிலேயே நீங்கள்தான் ஒரே கடியில் தின்று தீர்த்துவிட்டீர்கள்."

சொல்லிவிட்டுக் குருவி பறந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் முள்ளம்பன்றி கண்ட ஒரே சிவப்பு, பனிக்குள் மறைந்துபோன அந்த வாலடிச் சிவப்புதான்.

நீதி: சந்தேகக் கண்ணுக்குத் திருடன்தான் தெரிவான்; துணை தெரியாது.