மூச்சில் பழ வாசனை

"அம்மா, பசி செத்துவிட்டது. இனி நான் விரதத்தை நிறுத்தவே வேண்டாம், இல்லையா?" என்றார் அருணகிரி.

அறுபது வயதில் மலை மடத்துக்கு வந்தவர் அவர். ஒரு வாரத்துக்கும் மேலாக வெறும் தண்ணீர்தான். அவருடைய குரு மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் இளையவர். துறவுக்கு முன் மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பித்தவர்.

"பசி செத்தது எப்படித் தெரியும், ஐயா?"

"வயிறு கேட்கவே இல்லை. மூச்சில் பழ வாசனை வருகிறது. அருள் வந்த அடையாளம்."

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த மடத்துப் பணிப்பெண் நாச்சியார் சிரித்துவிட்டாள்.

"ஈ மொய்க்காம பாத்துக்குங்க, சாமி."

குரு சிரிக்கவில்லை. குனிந்து அவர் மூச்சை முகர்ந்தார்.

"வாசனை உண்மைதான். உடம்பில் கொழுப்பு எரியும் வாசனை."

"நான்தான் எதுவும் சாப்பிடவில்லையே!"

"ஒவ்வொரு செல்லிலும் ஓர் அடுப்பு இருக்கிறது. உங்களுக்குத்தான் விரதம், அதற்கு இல்லை. ஈரலில் இருந்த சர்க்கரை முதல் நாளே தீர்ந்திருக்கும். பிறகு கொழுப்பு."

"கொழுப்பு போகட்டும். நல்லதுதானே?"

"எழுந்திருங்கள்."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"தளர்ச்சிதான், அம்மா. போய்விடும்."

"போவது தசை. மூளைக்குச் சர்க்கரை வேண்டும். கொழுப்பு மட்டும் அதற்குப் போதாது. அதனால் உடம்பு தசையை உடைத்துச் சர்க்கரை செய்கிறது. இதயமும் தசைதான், ஐயா."

துடைப்பத்தின் சத்தம் நின்றது.

"இதயம் நின்றால் நிற்கட்டும்," என்றார் அருணகிரி. "சாவுக்கு நான் பயப்படவில்லை. விரதத்தை மட்டும் முறிக்கச் சொல்லாதீர்கள்."

குரு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"கடைசியாகப் புலால் எப்போது சாப்பிட்டீர்கள்?"

அருணகிரி நிமிர்ந்தார்.

"என்ன கேள்வி இது? மலையேறிய நாளிலிருந்து தொட்டதில்லை. இன்னோர் உயிரின் சதையைத் தின்று இந்த உயிரை வளர்க்க மாட்டேன் என்று உங்கள் முன்தானே சத்தியம் செய்தேன்?"

குரு அவருடைய மேற்கையைப் பற்றினார். கட்டைவிரலும் நடுவிரலும் எலும்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன.

"இங்கே இருந்த சதையை யார் தின்றது?"

அருணகிரி தன் கையைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பொத்திய கைக்குள்ளிருந்து, "நாச்சியார், கொஞ்சம் கஞ்சி," என்றார்.