பூனைக்குப் பராக் கூவிய அரண்மனை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இருந்த சேஷு அண்ணா. என் மூத்தவள் வயிற்றில் இருந்த மார்கழி அது. பொங்கல் பிரசாதத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். கால் வலி தெரியாமல் இருக்கட்டும் என்று சொன்னார். பகவான் புண்ணியத்தில் இன்னும் மறக்கவில்லை.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெல்லிவனம் என்ற நாட்டைக் கோமேதகவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். போர் என்றால் பயப்பட மாட்டான். ஆனால் ஒரு முயலின் முகம் வாடினால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. நந்தவனத்தில் நாற்பது வெள்ளை முயல்கள் வளர்த்தான். "கூண்டில் அடைக்கக் கூடாது, அதுகள் மனம் நொந்துபோகும்" என்பது ராஜ கட்டளை. அவற்றைப் பார்த்துக்கொண்டவள் ஒச்சம்மா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த முயல்கள்தான் அவளுக்கு எல்லாம்.

ராணிக்கோ ஒரு பூனை. கன்னங்கரேலென்று, பூசணிக்காய்ப் பருமனில் இருக்கும். அது மதிலேறிக் குதித்து ஒரே மாதத்தில் மூன்று முயல்களைத் தின்றுவிட்டது. கட்டிப்போடலாமா என்று கேட்டால், "என் பிள்ளை என்ன கன்றுக்குட்டியா?" என்றாள் ராணி. கழுத்தில் சலங்கை கட்டலாமா என்றால், "என் பிள்ளை என்ன ஜல்லிக்கட்டு மாடா?" என்றாள். "கம்பெடுத்து அதை விரட்டுகிறவர் என்னை விரட்டியதாகவே வைத்துக்கொள்வேன்" என்றும் சொன்னாள். போருக்குப் பயப்படாத ராஜா மேல்கூரையைப் பார்த்தான்.

சபையில் கச்சிராயர் என்று ஒரு பெரிய மனிதர். பதினோரு பட்டம் வாங்கியவர். பட்டம் பெற்றவர் எங்கே நடந்தாலும், பத்தடி முன்னால் ஒரு கட்டியக்காரன் அந்தப் பட்டங்களைக் கூவிக்கொண்டே போக வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். கூவாவிட்டால், பட்டம் கொடுத்த ராஜாவையே அவமதித்த மாதிரி. கச்சிராயர் குளிக்கப் போனாலும் முன்னால் தாண்டவன் என்ற கட்டியக்காரன் கூவிக்கொண்டு போவான். இப்பேர்ப்பட்டவரைச் சபையில் காக்கவைத்துவிட்டு, ராஜா தினமும் நந்தவனத்தில் ஒச்சம்மாவோடு முயல் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தால் அவருக்கு வயிறு எரியாதா?

மூன்றாவது முயல் போன அன்றைக்கு அவர் எழுந்தார். "மகாராஜா, காவல் சரியில்லை. இன்னொரு முயல் போனால் இவளை மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லை தாண்டி விட்டுவிட வேண்டும்!"

அழுதுகொண்டிருந்த ராஜா, "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டான்.

மறுநாள் காலை ஒச்சம்மாவைப் பார்த்து மகிழ்வதற்கென்றே கச்சிராயர் நந்தவனத்துக்கு வந்தார். "சமர கேசரி! சபா பூஷண! வர்றார், பராக்! பராக்!" என்று தாண்டவன் கூவினான்.

"என்ன ஒச்சம்மா, கழுதையைப் பார்த்தாயா? சாதுவான கழுதையாகத் தேடிப் பிடித்திருக்கிறேன்."

"உங்களுக்கு எவ்வளவு சிரமம், ஐயா."

"முயல்கள் எங்கே? அதற்குள் எல்லாம் போய்விட்டதா?"

அவளும் திரும்பிப் பார்த்தாள். புல்வெளி காலி. எல்லாம் வளைக்குள் போய்விட்டன. "ஐயா, கோபித்துக்கொள்ளாமல் வெளியே போய் இன்னொரு தடவை வாருங்களேன்" என்றாள்.

மரியாதையாகத்தான் கேட்கிறாள் என்று அவர் போனார். முயல்கள் வெளியே வந்தன. தாண்டவன் கூவ, அவர் திரும்பி வந்தார். முயல்கள் உள்ளே போய்விட்டன. ஒச்சம்மா, "முருகா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னைக் கும்பிடுகிறாள் என்று கச்சிராயர் நினைத்துக்கொண்டார்.

அவள் நேரே சபைக்குப் போனாள்.

"மகாராஜா, ராணியம்மா பூனைக்கு இன்னும் ஒரு பட்டம்கூட இல்லையே. எனக்கு மனசு ஆறவில்லை."

ராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இத்தனை பேர் இருக்கிறீர்களே, ஒருத்தருக்காவது இது தோன்றியதா?"

"பூனைக்குப் பட்டமா!" என்று கச்சிராயர் குதித்தார். "அது எந்தப் போரில் ஜெயித்தது?"

"நீங்கள் எத்தனை எலி பிடித்தீர்கள், ஐயா?" என்றாள் ஒச்சம்மா. சபையே சிரித்தது.

ராணி, "கஞ்சத்தனம் வேண்டாம், பன்னிரண்டாகவே கொடுங்கள். கட்டியம் கூவ அந்தத் தாண்டவனை விடுங்கள், அவனுக்குத்தான் நல்ல தொண்டை" என்றாள்.

"அவன் என் ஆள்!"

"பன்னிரண்டு பட்டம் பேசும்போது பதினொன்று குறுக்கே பேசலாமா?" என்றான் ராஜா.

மறுநாள் பூனை நந்தவனத்துக்குக் கிளம்பியது. வயிறு தரையில் உரச, மீசைகூட அசையாமல் புல்லுக்குள் பதுங்கியது. பத்தடி முன்னால் தாண்டவன், "மூஷிக குல காலாந்தக! நவநீதப் பிரிய! மிருது பாத மார்ஜார ராயர் வர்றார், பராக்! பராக்!" என்று முழங்கினான். முப்பத்தேழு முயலும் ஒரே நொடியில் வளைக்குள். பூனை தாண்டவனை ஒரு பார்வை பார்த்தது. மறுபக்கமாகச் சுற்றியது. அவனும் சுற்றி ஓடினான். மதில்மேல் ஏறியது. அவன் ஏணி வைத்து ஏறி அங்கே நின்று கூவினான். ஐந்து நாள் இப்படி நடந்தது. ஆறாம் நாள் பூனை ராணி மடியில் தயிர்ச்சோறு தின்றுவிட்டுப் படுத்ததுதான், அதற்குப் பிறகு வேட்டைக்கு எழுந்திருக்கவே இல்லை. ஓரடி எடுத்து வைத்தால் அந்தச் சத்தத்தை யார் கேட்பது!

அன்றைக்குத்தான் ராஜாவுக்கு விஷயம் புரிந்தது. சிரித்துச் சிரித்துக் கிரீடம் நழுவியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரே ரகளை. கச்சிராயரைக் காவலாளி விடவில்லை. கூவல் கேட்டதுமே தலைகுனிந்து பழகியவன், அவர் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. "யார் ஐயா நீர்? உம் பட்டத்தைச் சொல்லும்" என்றான். கச்சிராயர் தாமே கூவ ஆரம்பித்தார். ஆறாவதோடு நின்றுவிட்டது. ஏழாவது ஞாபகம் வரவில்லை.

ராஜா வெளியே வந்தான். "ஞாபகம் இருக்கிற ஆறு போதும், ராயரே. மற்றது உமக்குப் பாரம். ஒரு ஏழையைக் கழுதைமேல் ஏற்ற நினைத்தீரே, இனி நந்தவனத்துக்குப் புல் சுமக்கிற வேலை உம்முடையது."

பிறகு நேரே நந்தவனத்தில் இருந்த ஒச்சம்மாவிடம் போனான். "உனக்கு இருபது பட்டம் தருகிறேன், தாயே!"

ஒச்சம்மா பதறிப்போனாள். "ஐயோ, வேண்டாம் மகாராஜா! அப்புறம் என் முயல்கள் என்னைக் கண்டும் ஓடிவிடும்."

ராஜா அவள் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். வளையிலிருந்து ஒவ்வொன்றாக எல்லா முயலும் வெளியே வந்தன.

கதை இவ்வளவுதான். நம் ஊர்ப் பூனைகளுக்கு முன்னால் பராக் கூவ ஆள் கிடையாது. உங்கள் வீட்டில் முயல் இருந்தால், போனதும் கூண்டுக் கதவின் கொண்டியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், அம்மா.