உப்புக் கரித்த ரசமும் ஒரு முறையீடும்

முன்னொரு காலத்தில் செம்பாலை நாட்டைப் பெருவிறலன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அந்த நாடு எந்தத் திசையில் இருந்தது என்பதில் புலவர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அரசனுடைய நாக்கைப் பற்றி மட்டும் அவர்களுக்குள் சண்டையே இல்லை. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அன்று அவை கூடாது. பாயசம் பதமாக வந்தால் ஏதாவதொரு கிராமத்துக்கு வரி கிடையாது.

அவனுக்கு இரண்டு அமைச்சர்கள். தாண்டவராயர் சட்டங்களை எழுதுவார். உமைபாகர் அவற்றைப் படித்துப் பார்ப்பார். இதனாலேயே உமைபாகரை அவையில் பலருக்குப் பிடிக்காது.

ஒரு நாள் தாண்டவராயர் எழுந்தார். "மன்னா, குழந்தைகளை யாரும் துன்புறுத்தக் கூடாது, துன்பப்பட்ட குழந்தை தன்னை வளர்ப்பவரோடு வந்து, அவர் பக்கத்தில் நிற்க, அவையில் முறையிடலாம் என்று சென்ற ஆண்டு சட்டம் எழுதினேன். இன்றுவரை ஒரு முறையீடுகூட வரவில்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்குத் துன்பமே இல்லை."

"உமக்கு என்ன வேண்டும்?" என்றான் அரசன்.

"குழந்தைக் காவலர் என்ற பட்டம். கூடவே ஒரு பொற்பதக்கம் இருந்தால் பட்டம் தனியாக நிற்காது."

அரசன் தலையாட்டிக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் ஒன்பது வயதுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சாமி, இவ என் தங்கச்சி மக, தையலி. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போனப்புறம் இவ சித்தப்பன் மருதன் வீட்டுல இருக்கா. இவ முதுகைக் கொஞ்சம் பாருங்க."

முதுகில் புளியம்விளாறால் அடித்த தடங்கள் இருந்தன. பழைய தடங்களின் மேல் புதியவை.

"நீ இவளை வளர்ப்பவள் இல்லையே, அம்மா. உன் சொல் செல்லாது" என்றார் தாண்டவராயர். மருதனுக்கு ஆள் போயிற்று. அவன் வந்து பணிவாகக் கும்பிட்டான். பிறகு தையலியின் தோளில் கையை வைத்துக்கொண்டான்.

"யாராவது உன்னை அடித்தார்களா, குழந்தாய்?"

தையலி அந்தக் கையைப் பார்த்தாள். "இல்லைங்க. கெணத்து மேட்டுல விழுந்துட்டேன்."

"பார்த்தீர்களா, மன்னா? முறையீடு இல்லை. பெண்ணை அவன் கூட்டிப்போகலாம்."

அரசனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் சட்டம் அவனுடைய முத்திரையோடு இருந்தது. அப்போது உமைபாகர் தொண்டையைச் செருமினார்.

"நாளை மாலை கூட்டிப்போகட்டும், மன்னா. அதுவரை பெரியம்மாவோடு இங்கேயே இருக்கட்டும். எனக்கு வேறொரு வருத்தம். இத்தனை அருமையான சட்டம் குழந்தைகளுக்கு மட்டும்தானா? நாளை ஒரு நாள் மடைப்பள்ளிக்கும் பொருந்தட்டுமே. உணவில் குறை இருந்தால், சமைத்தவர் பக்கத்தில் நிற்க, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அடுத்த வேளையும் அவர்தான் சமைப்பார்."

"இதில் என்ன கஷ்டம்?" என்று சிரித்தான் அரசன். தம் சட்டத்துக்குக் கிளை முளைத்த பூரிப்பில் தாண்டவராயரே அதை எழுதி முத்திரை வாங்கினார்.

மறுநாள் மதியம் இலை போட்டார்கள். அரசன் முதல் வாய் ரசத்தை விழுங்கினான். அவன் கண்ணில் நீர் முட்டியது. அது ரசமல்ல, கடல். நிமிர்ந்தால், கதவு நிலையையே அடைக்கும் உடம்புக்காரன் கொம்பையன், தலைமைச் சமையற்காரன், கையில் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றான்.

"எப்படி இருக்கு, மகாராசா?" என்றான் கொம்பையன் மெதுவாக. "ராத்திரிச் சாப்பாடும் நம்ம கைதான்."

அரசன் அந்தக் கரண்டியைப் பார்த்தான். இரவை நினைத்துப் பார்த்தான்.

"நன்றாக இருக்கிறது" என்றான்.

பக்கத்து இலையில் தாண்டவராயர் இருமலுக்கு நடுவே, "அமிர்தம்" என்றார்.

மாலையில் அவை கூடியதும் உமைபாகர் எழுந்தார். "மன்னா, மடைப்பள்ளி மீது ஒரு முறையீடும் இல்லை. நம் நாட்டில் இனி உப்புக் கரிக்கும் ரசமே கிடையாது. கொம்பையனுக்கும் ஒரு பொற்பதக்கம் கொடுக்க வேண்டும்."

"பதக்கமா?" அரசன் அரியணையை விட்டே எழுந்துவிட்டான். "நாக்கு வெந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்."

"உப்பைக் கொட்டச் சொன்னவன் நான். அதற்கான தண்டனை எனக்கே வரட்டும். ஆனால் தாங்கள் ஏன் சொல்லவில்லை?"

"அவன் கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறான். இரவும் அவன்தான் சமைக்கப் போகிறான். எப்படி ஐயா சொல்வது?"

சொன்ன பிறகுதான் தன் சொல் அரசனுக்கே கேட்டது. அவன் தையலியைப் பார்த்தான். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த மருதனின் கை மறுபடியும் அவள் தோளில் இருந்தது.

"கையை எடு. வெளியே போய் நில்" என்றான் மருதனிடம். காவலர்கள் அவனை அழைத்துப் போனார்கள். அரசன் படியிறங்கி வந்து, பட்டு கசங்கத் தரையில் உட்கார்ந்தான். "இப்போது சொல், தாயே. என்ன நடந்தது?"

தையலி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள். "இன்னைக்கு ராத்திரி நான் எந்த வீட்டுல படுக்கணும்?"

"உன் பெரியம்மா வீட்டில். இன்று மட்டுமில்லை, என்றுமே."

அதன் பிறகு அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். மருதன் அன்றே சிறைக்குப் போனான்.

சட்டம் மாறியது. குழந்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்: தயிர்க்காரியிடம், ஓடக்காரரிடம், பள்ளி ஆசிரியரிடம். கேட்டவர் அதை அவைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். விசாரிக்கும்போது அடித்தவர் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. பயப்படும் வீட்டுக்குக் குழந்தையை ஓர் இரவுகூடத் திருப்பி அனுப்பக் கூடாது. ஊர் ஊராகப் போய்த் தரையில் உட்கார்ந்து கேட்கும் வேலை தாண்டவராயருக்குக் கிடைத்தது. பதக்கம் கிடைக்கவில்லை, நன்றாக மூட்டுவலி கிடைத்தது.

உமைபாகரிடம், "உமக்கு என்ன வேண்டும்?" என்று அரசன் கேட்டான்.

"நல்ல ரசம், மன்னா. நானும்தானே அந்த உப்பு ரசத்தைக் குடித்தேன்."

அடுத்த ஆண்டு தாண்டவராயர் முழங்காலைப் பிடித்தபடி அவையில் நின்றார். முகத்தில் கொஞ்சம் வெற்றி தெரிந்தது. "என் சட்டத்தில் ஒரு முறையீடும் இல்லை, மன்னா. உமைபாகர் மாற்றிய சட்டத்தில் நாள் தவறாமல் வருகிறது."

"ஆமாம், தாண்டவராயரே" என்றான் அரசன். "இப்போதுதான் உப்புக் கரிக்கிறது என்று சொல்ல முடிகிறது."

அந்த நேரத்தில் பெரியம்மா வீட்டில் தையலி, ரசத்தில் உப்பே இல்லை என்று உரக்கக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு கல் உப்பை எடுத்துப் போட்டாள்.