சர்வேயர் மாட்டிய ஸ்பீக்கர்

ஒரே ஒரு ஊரில் ஒரு சர்வேயர் இருந்தார். அவருக்கு ஒரு கார், ஒரு மனைவி, ஒரு மகள். கார் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி பேசிக்கொண்டிருந்தாள். மகள் அவரோடு பேசி மூன்று வருஷமாகியிருந்தது.

ஊர் நாகர்கோவில். சர்வேயர் பெயர் தாணுமாலயன். முப்பத்து நான்கு வருஷம் ஊரார் வயலை அளந்து கல் நட்டு ஓய்வு பெற்றவர். வரப்பை எந்தப் பக்கமும் ஒரு விரல்கூடச் சாயவிடாதவர் என்று பெயர் வாங்கியவர்.

மகள் ஆவுடை திருநெல்வேலியில் இருந்தாள். தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னார், அவளும் ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு சரி. பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. காரில் ஏறி உட்கார்ந்ததும் மனைவி செண்பகவல்லி தொடங்குவாள்: "பேத்தி முகத்தையாவது போய்ப் பாக்கக் கூடாதா?" அவர் பாட்டைச் சத்தமாக வைப்பார். கம்பெனி போட்டுக் கொடுத்த ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கும். அந்தக் கரகரப்பையும் தாண்டி அவள் குரல் கேட்கும்.

அதனால் புது ஸ்பீக்கர் போடுவது என்று முடிவு செய்தார்.

வடசேரியில் கார் ஆடியோ கடை வைத்திருந்த சுபிஜாவுக்கு முப்பது வயது. ஆவுடையைவிட ஒரு வயது மூப்பு. வேலையில் அவள் கை அப்படி. சுற்றுவட்டார மெக்கானிக்குகள் எல்லாம் அவளை 'ஆசான்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாட்டித் தர வேண்டாம். எப்படி மாட்டணும்னு மட்டும் சொல்லிக் குடும்மா. நானே மாட்டிக்கிடுதேன்."

"படிக்க வந்தா அம்மா எல்லாம் கிடையாது சார். ஆசான்."

"சரி, ஆசானே."

கதவின் உள்பலகையை எங்கே நெம்பினால் கிளிப் உடையாது, ஸ்பீக்கரில் பிளஸ் எது, மைனஸ் எது, வயரை எப்படிச் சேர்த்து டேப் சுற்றுவது, எல்லாம் காட்டினாள். அவர் நோட்டில் படம் வரைந்து எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் வந்தார்.

"ஆசானே, இடது கதவுல மட்டும் பாட்டு வச்சா அருமையா இருக்கு. வலது கதவுல மட்டும் வச்சா அதுவும் அருமை. ரெண்டையும் சேத்து வச்சா தவில் செத்துப் போகுது. பாடுறவன் எங்கேயோ கிணத்துக்குள்ள நிக்கான்."

"பழைய வயர்ல கலர் தெரிஞ்சுதா?"

"ஒரு பக்கம் தெரிஞ்சுது. இன்னொரு பக்கம் வெளிறிப் போச்சு. எந்தப் பக்கம்னு இப்ப ஞாபகம் இல்ல."

"அங்கதான் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். வயரை மாத்திக் கட்டிட்டு வாங்க."

மறுநாள் காலையில் செண்பகவல்லி தனியாகத் திருநெல்வேலிப் பஸ் ஏறிப் போனாள். பேத்திக்கு அன்றைக்கு முதல் பிறந்தநாள். சர்வேயர் கதவுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, உள்பலகையைக்கூடத் திரும்ப மாட்டாமல், காரை வடசேரிக்கு ஓட்டிவந்தார்.

"மாத்தியாச்சா?" என்றாள் சுபிஜா.

"மாத்தியாச்சு."

"இப்ப எப்படி இருக்கு?"

"அதே கிணறு."

"எந்தக் கதவுல மாத்தினீங்க?"

"ரெண்டுலயும்."

சுபிஜா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டுலயுமா?"

"தப்பு எந்தப் பக்கம்னு தெரியாம ஒரு கதவை மட்டும் எப்படிக் குத்தம் சொல்ல? அதான், சரிசமமா ரெண்டையும் மாத்திட்டேன்."

"நல்லவேளை, பின்னால ஸ்பீக்கர் இல்ல. இருந்தா அதையும் மாத்தியிருப்பீங்க."

அவள் ஒரு சின்னச் சதுர பேட்டரியை எடுத்து வந்தாள். இடது கதவு ஸ்பீக்கரின் மேல் அவரை உள்ளங்கையை வைக்கச் சொன்னாள். அந்த ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் பேட்டரியைத் தொட்டாள்.

"என்ன செய்யுது?"

"கையைத் தள்ளுது."

வலது கதவுக்கு வந்தார்கள். அவர் கையை வைத்தார். அவள் அதே மாதிரி தொட்டாள்.

"இது?"

"உள்ள இழுக்குது."

"இதுல எது கெட்ட ஸ்பீக்கர்?"

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அப்போது அவருடைய போன் அடித்தது. செண்பகவல்லி. பஸ் இரைச்சலில் கத்திப் பேசினாள், சுபிஜாவுக்கும் கேட்டது.

"பஸ்ஸு வள்ளியூர் தாண்டிட்டு! உங்க எல்லைக் கல்லு வந்துட்டு, எறங்கி நிக்கட்டா?"

அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

"நாலு மணிக்குக் கேக் வெட்டுதாங்களாம். அப்பா வரலையான்னு அவ கேட்டா நான் என்ன சொல்ல?"

போன் தானாக அறுந்தது.

"என்ன எல்லைக் கல்லு, சார்?"

"இங்க இருந்து திருநெல்வேலிக்குச் சரிபாதி, வள்ளியூர் பக்கம் விழும். நான் அதுவரைக்கும் வாரேன், மக அதுவரைக்கும் வரட்டும்னு சொல்லியனுப்பினேன்."

"வந்தாங்களா?"

"'அப்பா கிளம்பினதும் சொல்லுங்க, நான் கிளம்புதேன்'னு சொல்லிட்டா."

"நீங்க?"

"அவ கிளம்பினதும் சொல்லுன்னேன்."

"இது எப்ப?"

"பிள்ளை பிறந்தப்ப."

சுபிஜா பேட்டரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

தாணுமாலயன் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே கேட்டார்.

"இப்ப எந்தக் கதவை மாத்தணும், ஆசானே?"

"ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். எதை மாத்தினாலும் சரியாயிரும். ஆனா ஒண்ணைத்தான் மாத்தணும்."

"அப்பத் தப்பு எந்தக் கதவுலன்னு கடைசி வரைக்கும் தெரியாதா?"

"தெரிஞ்சா பாட்டு கேக்குமா?"

அவள் அடுத்த வண்டிப் பக்கம் நடந்தாள்.

"எதுன்னாலும் சரின்னா, நான் எதைன்னு முடிவு பண்ண?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"இருந்த இடத்துல இருந்து உங்க கை எந்தக் கதவுக்கு எட்டுது, சார்?"

வலது கதவு அவர் முழங்காலை இடித்துக்கொண்டு திறந்து கிடந்தது.

அவர் குனிந்து டேப்பைப் பிரித்தார். இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கட்டினார். பாட்டு வைத்தார். தவில் நெஞ்சில் வந்து இடித்தது. ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு பாட்டை நிறுத்தினார்.

கார் கிளம்பியது. கோட்டாற்றில் இருந்த வீட்டுக்குத் திரும்பாமல், வடக்கே திருநெல்வேலி ரோட்டில் போனது.