வலது கையில் தேத்தண்ணி

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் சுகந்தினி. ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குளிர் நகரத்தில் ட்ராம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. சீடரின் பெயர் தவராசா. அதே நகரத்தில் இருபது வருடம் பஸ் ஓட்டியவர். அவர் ஓட்டிய பாதையில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தண்டவாளம் போட்டார்கள். ட்ராம் பழகு, இல்லாவிட்டால் வேறு வேலை பார் என்றார்கள். இரண்டு பேரின் வீட்டிலும் ஒரே தமிழ் என்று யாரோ கண்டுபிடித்து அவரை இவளிடம் அனுப்பினார்கள்.

முதல் நாள் தவராசா அவளை "ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டு கூப்பிட்டது பகிடிக்குத்தான். அவளுக்கும் அது விளங்கியது. இரண்டாவது வாரத்தில் பகிடி கழன்று போய், ரீச்சர் மட்டும் மிஞ்சியது.

அந்த முதல் நாள், பணிமனையில் நின்ற வெறும் ட்ராமில் அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள்.

"என்ன குறையுது அண்ணை?"

"ஸ்டியரிங்."

"தேடாதேங்கோ. இல்லை."

"அப்ப வளைவு வந்தா?"

"அது தன்ரை பாட்டில வளையும்."

"ஆரும் குறுக்கை வந்தா?"

"மணி அடிக்கலாம். நிப்பாட்டலாம். வேறை ஒண்டும் ஏலாது."

தவராசா சிரித்தார். "அப்ப பாதி வேலை மிச்சம்."

மிச்சமாகவில்லை. ட்ராமில் இடது கைப் பக்கம் ஒரு பிடி இருக்கிறது. தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். அவ்வளவுதான் வண்டி. ஆனால் பஸ்ஸிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. வளைவு வந்தால் வலது கை தானாக எழும்பும். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பும். பாவம், தனியாகத் திருப்புகிறதே என்று இடது கையும் பிடியை விட்டுவிட்டு உதவிக்குப் போகும்.

இதற்குச் சுகந்தினி ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். பணிமனை முற்றத்தில் வட்டம் வட்டமாக ஓட விடும்போது, பழகுகிறவரின் வலது கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுப்பாள். பால் இல்லாத வெறும் தேத்தண்ணி, விளிம்பு வரைக்கும். கை திரும்பினால் மடியில் ஊற்றும். ஓட்டுநர் அறையில் குடிக்கக் கூடாது என்று விதி இருந்தது. மேலதிகாரிகள் காணாதவர்கள் போல இருந்தார்கள், ஏனென்றால் வைத்தியம் வேலை செய்தது.

தவராசாவின் காற்சட்டை முதல் வாரம் முழுக்க நனைந்தது. "வீட்டில மனுசி கேக்கிறா ரீச்சர், ட்ராம் ஓடப் போறியளோ, தேத்தண்ணிக் கடை வைக்கப் போறியளோ எண்டு," என்பார். பிறகு நனைவது குறைந்தது. சோதனை நாளன்று காற்சட்டை காய்ந்திருந்தது. சுகந்தினி கையெழுத்துப் போட்டாள். அவர் அவளுக்கு ஒரு பெட்டி லட்டு வாங்கிக் கொடுத்தார்.

இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞன் ஒருவன் தவராசாவின் ட்ராமுக்கு முன்னால் சைக்கிளில் தெருவைக் கடந்தான். தண்டவாளத்தின் பள்ளத்துக்குள் சைக்கிளின் சில்லு இறங்கிவிட்டது. விழுந்தான். ட்ராம் நின்றபோது அவனுடைய வலது பாதம் போயிருந்தது.

விசாரித்தார்கள். அவ்வளவு கிட்டத்தில் விழுந்தால் யாராலும் நிறுத்த முடியாது, ஓட்டுநர் மீது பிழை இல்லை என்றார்கள். விடுப்பும் ஆறுதலும் கொடுத்தார்கள். மூன்று மாதம் தவராசா வீட்டிலேயே இருந்தார்.

மூன்று மாதம் கழிந்த பிறகு, திரும்பவும் ஓட்ட முடியுமா என்று பார்க்கும் நாள் வந்தது. பார்க்க வேண்டியவள் சுகந்தினி.

காலை பத்து மணிக்கு நல்ல வெயில். தெருவோரத்தில் மட்டும் பனி குவிந்து கிடந்தது. ஆட்களில்லாத ட்ராம், நெற்றியில் "பயிற்சி" என்ற பலகை. சுகந்தினி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் தோள்பையில் ஒரு பிளாஸ்க் இருந்தது.

"எந்தப் பாதை ரீச்சர்?"

"உங்கடை பாதைதான். கடைசித் தரிப்பு வரைக்கும்."

அவர் பிடியைத் தள்ளினார்.

பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரு முழுவதும் சொந்தம். ட்ராம் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கோடு மட்டும். பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊர் தன் பாட்டில் குறுக்கும் மறுக்கும் போகிறது. தள்ளுவண்டியில் பிள்ளையோடு ஒரு தாய், கைபேசியைப் பார்த்தபடி ஒருவன், கதவைத் திறந்து வைத்துவிட்டு இறங்காமல் இருக்கும் ஒரு கார். எல்லோரும் விலக முடிந்தவர்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவன் ஒருவனால்தான் விலக முடியாது. பழைய நாட்களில் தவராசா இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்த இடம் வந்தது. பேக்கரிக்கு முன்னால் இருக்கும் பாதசாரிக் கடவை. அவர் மணியை அடித்தார். யாரும் குறுக்கே இல்லை. திரும்பவும் அடித்தார். ட்ராம் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. பேக்கரி வாசலில் நின்ற கிழவர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.



கடைசித் தரிப்பில் தண்டவாளம் ஒரு வட்டம் போட்டுத் திரும்புகிறது. வட்டத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கட்டடம். தவராசா வண்டியை நிறுத்தினார். சுகந்தினி பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றினாள். ஒன்றை அவருடைய வலது கையில் கொடுத்தாள், விளிம்பு வரைக்கும்.

"இன்னும் விடமாட்டீங்களோ?" என்றார் அவர்.

"குளிருக்குத்தான். குடியுங்கோ."

அவர் குடிக்கவில்லை.

"ரீச்சர், நான் இண்டைக்குப் பாஸ் பண்ண வரேல்லை. ஒரு கேள்வி கேக்கத்தான் வந்தனான். அதுக்கு மறுமொழி கிடைச்சால் ஓடுவன். இல்லாட்டில் இதோடை சரி."

"கேளுங்கோ."

"அண்டைக்கு அந்தச் சைக்கிள் விழேக்கை, என்ரை கை திரும்பினது. ரெண்டு கையும். இடப்பக்கமாய் வெட்டி எடுத்தன். பஸ்ஸில எண்டால் விலத்தியிருப்பன். பிறகுதான் நினைவு வந்து பிடியை இழுத்தன்."

"விசாரணையில சொன்னனீங்களோ?"

"கேக்கேல்லை. கமரா தெருவைத்தான் பார்த்தது. கையைப் பார்க்கேல்லை." அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். "மனுசிக்குக்கூடச் சொல்லேல்லை ரீச்சர். கை திரும்பாமல் நேரை பிடியை இழுத்திருந்தால், நிண்டிருக்குமோ?"

சுகந்தினி தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது அண்ணை."

"ரீச்சருக்குத் தெரியாதோ?"

"தெரியாது. என்னையும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

"உங்களை ஏன் கேக்க வேணும்?"

"சோதனை நாள், கடைசி வளைவு. உங்கடை கோப்பை சிந்தினது. காற்சட்டையில இல்லை, கீழை. ரெண்டு மூண்டு சொட்டுத்தான். நீங்கள் காணேல்லை. நான் கண்டனான்."

தவராசா அவளைப் பார்த்தார்.

"கண்டுமோ கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை. நீங்கள் நல்ல சந்தோசமாய் இருந்தீங்கள். இன்னும் ஒரு கிழமை முழுக்கப் பழக வாங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அவருக்குக் கோபம் வந்தது. மூன்று மாதமாகத் தன்மேல் மட்டும் வந்துகொண்டிருந்த கோபம், இப்போது போக இன்னொரு இடம் கிடைத்ததும் பாய்ந்து வந்தது.

"அந்தச் சொட்டை அண்டைக்கே சொல்லியிருந்தால்! இன்னொரு கிழமை பழக்கியிருந்தால்! அந்தச் சைக்கிள் விழேக்கை என்ரை கை திரும்பியிருக்காது!"

"ஓம் அண்ணை."

"உங்களை நம்பித்தானே ஏறி இருந்தனான்!"

"ஓம்."

அவள் தப்பிக்கப் பார்க்கவில்லை. அதனால் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது. அது மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அவர் முணுமுணுக்கத் தொடங்கினார், அவளிடம் இல்லை, முன்னால் இருந்த கண்ணாடியிடம்.

"நான் பஸ்ஸோடையே வேலையை விட்டிருக்கலாம். மச்சான் கடையில நிக்கச் சொல்லிக் கேட்டவன். அண்டைக்குச் சுகமில்லை எண்டு நிண்டிருக்கலாம். அந்தச் சந்தியில ஒரு மனுசி ஓடி வந்தவ, கதவைத் திறந்து ஏத்தியிருந்தால்கூடப் போதும். கொஞ்சம் பிந்தியிருப்பன். கொஞ்சம் இந்தப் பக்கமாய், கொஞ்சம்…"

"தேத்தண்ணி சிந்துது அண்ணை," என்றாள் சுகந்தினி.

அவர் குனிந்து பார்த்தார். காற்சட்டை தொடை வரை நனைந்திருந்தது. கோப்பையைப் பிடித்த வலது கை இடப்பக்கமாக முழுவதும் திரும்பியிருந்தது. இடது கையும் பிடியை விட்டுவிட்டு உதவிக்கு வந்திருந்தது. நின்றுபோன ட்ராமில், முன்னால் ஒருவரும் இல்லாத தண்டவாளத்தில், அவர் எதையோ விலத்திக்கொண்டிருந்தார்.

வெகு நேரம் அவர் கையை எடுக்கவில்லை. பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குச் சிந்துறேல்லையோ ரீச்சர்?"

சுகந்தினி தன் கோப்பையைச் சரித்துக் காட்டினாள். அதில் ஒன்றும் இல்லை. அவள் கோட்டின் கை முழங்கை வரை நனைந்திருந்தது. எப்போது சிந்தியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நித்திரை கொள்ளேலாது," என்றாள். "உங்கடை சோதனைத் தாளை மனசுக்குள்ள கிழிச்சுக் கிழிச்சுப் பார்க்கிறன். காலமை எழும்பினால் என்ரை கையெழுத்து அதிலயே கிடக்குது."

"பிறகு என்ன செய்தனீங்கள்?"

"உங்களுக்குப் பழக்கினதைத்தான் செய்தன். நிப்பாட்டினன். இறங்கினன். அங்கை போனன்." கண்ணாடிக்கு அப்பால் இருந்த மஞ்சள் கட்டடத்தைக் காட்டினாள்.

"அது என்ன?"

"கால் போனாக்களுக்கு நடக்கப் பழக்கிற ஆஸ்பத்திரி. மூண்டாம் மாடியில இருக்கிறான். சொட்டுச் சிந்தினதை அவனுக்குச் சொன்னனான்."

தவராசா அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். அவர் நாள்தோறும் ஓட்டிய பாதையின் முடிவில் இருந்த கட்டடம் அது. அது என்ன கட்டடம் என்று ஒரு நாளும் அவர் கவனித்ததில்லை.

"என்ன சொன்னவன்?"

"முதல் நாள் போகச் சொல்லிக் கத்தினவன். ரெண்டாம் தரம் போனன். ஒண்டும் கதைக்கேல்லை. மூண்டாம் தரம், கதிரையில இருங்கோ எண்டவன்."

"என்னைப் பற்றி?"

"அந்த ட்ராம்காரன் எண்டுதான் சொல்லுறவன். நீங்கள் அந்தச் சைக்கிள் எண்டு சொல்லுற மாதிரி."

தவராசா தலையைக் குனிந்துகொண்டார். விசாரணைத் தாள்கள் அவர் வீட்டுக்கு வந்திருந்தன. தன் பிழை எங்கே என்று தேடித் தேடி வாசித்திருக்கிறார். அடிபட்டவனின் பெயர் இருந்த அந்த ஒரு வரியில் மட்டும் அவர் கண் நின்றதில்லை.

"ரீச்சர்," என்றார் கடைசியில். "அந்தப் பெடியன்ரை பேர் என்ன?"

சுகந்தினி கையை நீட்டிக் கதவின் பொத்தானை அழுத்தினாள். முன்கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது.

"அதை அவனிட்டையே கேளுங்கோ அண்ணை. நான் வண்டியைப் பார்த்துக்கொள்ளுறன்."