கடைச் சேவல்

சேவல் ஆடினதுக்கு மனுஷன் வயிறு எரிஞ்ச கதையை எங்கேயாவது கேட்டிருக்கீங்களா?

தென்காசியில் செல்போன் விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனி. அங்கே படம் வரைகிறவர்களுக்கெல்லாம் தலைவர் சாரங்கபாணி. புதுசாகச் சேர்ந்த இலஞ்சியம், இணையக் கடையில் ஒரு சேவல் படத்தை விலைக்கு வாங்கி, அதை ஆட வைத்து விளையாட்டுக்குள் விட்டாள். விளையாடினவர்களெல்லாம் அந்தச் சேவலைத்தான் கொஞ்சினார்கள். சாரங்கபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

சேவலுக்கு யார் பேரைப் போடுவது என்று முதலாளி ஞானப்பிரகாசம் கேட்டதும், "நான் வரைஞ்சது சார். இந்தப் பொண்ணு சும்மா பக்கத்துல நின்னுச்சு" என்று சாரங்கபாணி முந்திக்கொண்டார்.

"அப்ப அவ பேரு வேண்டாம்" என்றார் முதலாளி.

ரசீதைக் காட்டிச் சண்டை போட்டிருக்கலாம். இலஞ்சியம் சிரித்தாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். பொம்மைக் கம்பெனிக்காரர் சேவல் படத்தை மட்டும் தனியா விலைக்குக் கேட்டாருல்ல? கடையில வாங்கின படம்னா நம்ம விளையாட்டுக்குள்ள வச்சு விக்கலாம், தனியா விக்கக் கூடாது. சாரங்கபாணி அண்ணன் வரைஞ்சதுன்னா தாராளமா வித்துடலாம். நாளைக்கு வேற யாராவது 'என் சேவல்'னு கேஸ் போட்டா, அண்ணன் கோர்ட்டுல பாத்துக்கிடுவாரு."

பொம்மைக் கம்பெனிக்காரரைக் கூப்பிட முதலாளி போனை எடுத்தார். சாரங்கபாணி பாய்ந்து வந்து தடுத்தார்.

"ஐயோ, வேண்டாம் சார்! அது கடைச் சேவல்தான்!"

"ஆட வச்சது யாரு?"

"இவதான்."

"அப்ப இலஞ்சியம் பேருதான் முதல்ல வரும்."

சாரங்கபாணி முதலாளியின் காதோரம் குனிந்தார். "அவ பேரு மேலயே இருக்கட்டும். என் பேரை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார்!"