முப்பது வருஷத்து வட்டம்

குருவைவிடச் சிஷ்யருக்கு ஐந்து வயது கூட.

பொதுப்பணித் துறையில் முப்பத்துமூன்று வருஷம் பாலமும் மதகும் கட்டி ஓய்வு பெற்றவர் திருவேங்கடம். மனைவி இறந்த மறு வருஷம், தோட்டம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தேவகிருபை அம்மாளின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். அதை அவர் சொல்லவில்லை.

அது 1974. தேவகிருபை அந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வரைவது அவர் வேலை. எங்கே மரம், எங்கே நடைபாதை, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எல்லாம் அவர்தான் முடிவு செய்வார். கல்லூரி, ஆலை, ஆஸ்பத்திரி என்று நாற்பது இடங்களுக்கு வரைந்துவிட்டார்.

தனியாக இருப்பவர்களுக்குத் திறப்பு விழா ஒரு தண்டனை. வந்தவர்கள் எல்லாரும் போர்டிகோவில் நின்று கட்டடத்தைப் புகழ்வார்கள். குச்சி குச்சியாக நிற்கும் கன்றுகளைக் காட்டி, தோட்டம் எப்போது வரும் என்று தேவகிருபையிடமே கேட்பார்கள். இவர் பொட்டலச் சாப்பாட்டை வெயிலில் நின்று சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிப்பார். வீட்டிலும் பேச ஆள் கிடையாது.

திருவேங்கடத்துக்கு முதலில் கிடைத்த வேலை, ஒரு பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பில் பூங்கா. மரங்களைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்து வரைந்து கொண்டுவந்தார். எஞ்சினியர் புத்தி. ஒப்படைக்கிற அன்றைக்கு என்ன இருக்குமோ அதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க வரைந்திருக்கிறார்.

தேவகிருபை புள்ளிகளை அழித்துவிட்டு, காம்பஸை விரித்துப் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

"இது இலுப்பை. முப்பது வருஷம் கழிச்சு எப்படி இருக்குமோ, அப்படித்தான் சார் நாம மரத்தை வரையணும்."

திருவேங்கடம் தன் வயதோடு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டு வந்தது.

அன்று மாலையே நர்சரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இலுப்பை வேண்டாம், தூங்குமூஞ்சிக் கன்றுகளாக அனுப்புங்கள் என்று. தூங்குமூஞ்சி ஏழெட்டு வருஷத்தில் குடை விரித்துவிடும். காற்றடித்தால் கிளை முறிந்து விழும், அதுவும் அவருக்குத் தெரியும். தபாலில் போட மனசு வரவில்லை. இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் தேவகிருபையின் மேசைமேல் வைத்தார்.

தேவகிருபை படித்தார். கோபப்படவில்லை. அதுதான் திருவேங்கடத்துக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"நான் வச்ச மரத்து நிழல்ல ஒரே ஒரு நாள் உக்காரணும் மேடம். அவ்வளவுதான் ஆசை" என்றார். பிறகு கேட்டார்: "நாப்பது தோட்டம் போட்டிருக்கீங்க. ஒண்ணுலயாவது நிழல்ல உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல" என்றார் தேவகிருபை. "ஞாயித்துக்கிழமை வாங்க. உக்காந்து பார்ப்போம்."

அவர் முதன்முதலில் வரைந்த இடம், ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே போனதே இல்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, யாரும் கூப்பிடவில்லை என்றார்.

வாசலில் காவலாளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, இங்கே மரம் வைத்தது நான்தான் என்றார் தேவகிருபை.

"தோட்டக்காரம்மாவா? அப்ப பின்பக்க கேட்டுல போங்க."

திருவேங்கடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் தேவகிருபை பின்வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

உள்ளே, வார்டுக்கும் சமையற்கூடத்துக்கும் நடுவே இலுப்பைகள் நின்றன. ஒன்றின் கிளை இன்னொன்றைத் தொட்டது. வெளியே கொளுத்திய வெயில் அங்கே இல்லை. மரத்தடியில் ஒரு சிமென்ட் மேடை. கம்பளி போர்த்திய நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்த பெண் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, அடுத்த படுக்கைக்காரரிடம் அவர் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

தேவகிருபை மேடையை ஒட்டிப் போய் நின்றார். ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. காத்தை மறைக்கிற."

தள்ளி நின்றார். அங்கே பாய் விரித்து யாரோ படுத்திருந்தார்கள். இன்னும் தள்ளினார். கடைசியில் வெயிலுக்கே வந்துவிட்டார்.

திருவேங்கடமும் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த மனுஷிக்கு உட்கார ஒரு சாண் இடம் இல்லையே என்று நினைத்தார். தன்னையும் சேர்த்துத்தான் நினைத்தார்.

"இருபத்தெட்டு வருஷம் மேடம். உங்களுக்கு ஒரு இடம் இல்லையே."

தேவகிருபை மேடையைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துத் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆறு பேருக்குன்னு வரைஞ்சேன் சார். பதினாலு பேர் உக்காந்திருக்காங்க" என்றார். "நீங்க உங்க பூங்காவுல மேடையைக் கொஞ்சம் பெரிசா வரைங்க."